அத்தியாயம் 7: இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே

உங்களிடம் வரும் பிள்ளையை முதலில் பாருங்கள். வயது பதின்மூன்றோ பதினான்கோ இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் லயத்து வாசலில் குந்திக்கொண்டு போனில் செஸ் ஆடுகிறான். எல்லாம் மூன்று நிமிட ஆட்டம். இருட்டும் முன் இருபது ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆறு மாதமாக இதே கதை. ரேட்டிங்கும் ஆறு மாதத்துக்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "பொடியனுக்கு நல்ல மூளை சேர், கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடுங்க" என்று தகப்பன் கூட்டிவந்து விடுகிறார்.

இந்த இடத்தில் பயிற்றுநர்கள் வழக்கமாகச் செய்வது புதிய தொடக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுப்பது. சிசிலியன் தற்காப்பில் பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்யவைப்பார்கள். பிள்ளைக்கும் அது பிடிக்கும், ஏதோ இரகசியம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் எதிரில் ஆடுபவன் நாலாவது நகர்த்தலிலேயே வேறு வழியில் போய்விடுவான், மனப்பாடம் அத்தோடு தீர்ந்தது. அந்தப் பிள்ளையின் நோய் வேறு. இருபது ஆட்டம் ஆடியதில் ஒரே பிழையை இருபது தடவை செய்திருக்கிறான், ஒன்றையும் திரும்பப் பார்த்ததில்லை. ஆள் தேறுவதெல்லாம் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால்தான். உங்கள் வேலையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நான் சொல்வது மிகையாகத் தெரிந்தால் செஸ்ஸை விட்டுச் சற்று வெளியே போய்ப் பாருங்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், போக்கர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் ஒருவருக்கு ஒருவராக மோதியது. இருபது நாள், 1,20,000 சீட்டுக் கைகள். நால்வருமே தோற்றார்கள். பகலில் அவர்கள் நிரலின் ஓட்டைகளைத் தேடித் தேடி அடித்தார்கள். இரவில் அந்த நிரல், அன்று அதிகம் அடிவாங்கிய இடங்களைக் கணக்கிட்டுத் தன்னைச் சீர்செய்துகொண்டது. மறுநாள் வந்து பார்த்தால் நேற்றிருந்த ஓட்டை அடைபட்டிருக்கும். மூளையே இல்லாத ஒன்று இராத்திரியில் செய்த இந்த வேலையை நம் பிள்ளைகள் செய்வதில்லை.

போனும் சிக்னலும்

இந்த நூலில் லீசெஸ் தளத்தையே பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். 2010இல் பிரான்ஸ்காரரான திபோ டூப்ளெஸி தொடங்கியது. நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம் கிடையாது, எந்த வசதிக்கும் காசு கேட்பதில்லை. ஆட்டத்தை அலசும் வசதி, புதிர்கள், இருவர் வேறு வேறு இடத்தில் இருந்தபடி ஒரே பலகையைப் பார்க்கும் 'ஸ்டடி' அறை எல்லாம் அதில் உண்டு. நீங்கள் கொட்டகலை டவுனில் இருக்கலாம், பிள்ளை டிரேட்டனிலோ மேபீல்டிலோ இருக்கலாம். இருவருக்கும் ஒரே பலகை தெரியும். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டால் வகுப்பு தயார். வீடியோ வேண்டாம், டேட்டாவைத் தின்றுவிடும். செஸ் ஆட்டத்துக்கு ஆகும் டேட்டா மிகக் குறைவு. அம்மாவுக்கு அரைப் பேர் விழுந்த நாளில் பிள்ளை ரீலோட் போடக் காசு கேட்கும் நிலையை உங்கள் வகுப்பு உண்டாக்கக்கூடாது.

சிக்னல் பெரிய தொல்லை. லயத்துக்குள் ஒரு கோடு, பின்பக்கம் மேட்டில் ஏறினால் மூன்று கோடு. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆட்டம் நடுவில் அறுந்தால் கடிகாரம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் எதிராளி வெற்றியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தளம் இடம்கொடுக்கிறது. பிள்ளை அழும். அப்போது இதைச் சொல்லுங்கள்: 2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்த இணைய ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில், ரஷ்யாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரம் தீர்ந்துபோனது. இந்தியா முறையிட்டது. கடைசியில் உலக செஸ் கூட்டமைப்பு இரு நாடுகளையும் சேர்த்தே வெற்றியாளராக அறிவித்தது. விஸ்வநாதன் ஆனந்த் இருந்த அணிக்கே இது நேர்ந்திருக்கிறது. ஆனால் லயத்துப் பிள்ளை முறையிட ஒரு கூட்டமைப்பும் கிடையாது. ஆகவே ரேட்டிங் கணக்கில் சேரும் ஆட்டங்களைச் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில், போனில் பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள நேரத்தில் மட்டும் ஆடச் சொல்லுங்கள். மற்ற நேரத்துக்குப் புதிர்கள் இருக்கின்றன.

ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டால் மூன்று கணக்குத் திறவுங்கள். ஒரே கணக்கில் அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஆடினால் வரும் ரேட்டிங் இருவருடையதும் அல்ல.

முதலில் வேகத்தைக் குறையுங்கள்

முதல் மாதம் மூன்று நிமிட ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். பதினைந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாகப் பத்து விநாடியும் தரும் ஆட்டம் ஒன்று அந்தத் தளத்தில் இருக்கிறது. அதை ஆடட்டும். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிள்ளை முணுமுணுக்கும். "போரிங் சேர்" என்று சொல்லும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரேட்டிங்கைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். லீசெஸில் எல்லோரும் 1500இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த எண்ணுக்கும் போட்டிகளில் ஆடிப் பெறும் பன்னாட்டு ரேட்டிங்குக்கும் சம்பந்தமில்லை. தளத்தில் 1700 வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை, முதல் பலகைப் போட்டியில் நாலு சுற்றுத் தோற்றுவிட்டு ஆட்டத்தையே விட்டுவிடுவது நடக்கிற கதை. ரேட்டிங் கொழுந்து நிறுக்கும் தராசு மாதிரி: எத்தனை கிலோ என்று சொல்லும், எந்த மலையில் எந்த நிரையை விட்டுவிட்டு வந்தாய் என்று சொல்லாது. தளத்தின் அமைப்புகளில் 'ஸென்' என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டால் எதிராளியின் பெயரும் ரேட்டிங்கும் ஆட்ட நேரத்தில் தெரியாது. பயந்த பிள்ளைக்கும் மண்டைக்கனம் பிடித்த பிள்ளைக்கும் அது ஒரே மருந்து.

தோற்ற ஆட்டத்தைத் திறப்பது

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

வாரத்துக்கு மூன்று ஆட்டம் போதும், மூன்றும் தோற்றதாக இருக்கட்டும். வென்ற ஆட்டத்தைப் பிள்ளை தானாகவே பத்துத் தடவை பார்த்துக்கொள்ளும். தோற்ற ஆட்டத்தைக் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே அப்போது மனதில் ஓடியதை ஒரு வரியில், தமிழில். 'செக் குடுக்கலாம்னு பார்த்தேன்', 'பயந்துட்டேன்', 'அவன் ராணிய எடுப்பான்னு தெரியல.' எழுத்துப்பிழையைத் திருத்த உட்காராதீர்கள். உலகச் சாம்பியனாக இருந்த மிகைல் போட்வினிக்கும் தன் ஆட்டங்களுக்குத் தானே குறிப்பு எழுதி, அதை மற்றவர்கள் குறைசொல்லும்படி வெளியிடும் பழக்கத்தையே வலியுறுத்தினார். கொட்டகலைப் பிள்ளை வெளியிட வேண்டாம், உங்களிடம் காட்டினால் போதும்.

பிறகு சாதாரண மரப்பலகையில் காய்களை அடுக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டுங்கள். ஞாயிறு மதியம் நேரில் செய்வது நல்லது. இந்த நேரத்தில் நீங்கள் பேசுவது குறைவாக இருக்க வேண்டும். பிழை எங்கே என்று உங்களுக்கு ஐந்து விநாடியில் தெரிந்துவிடும், ஆனாலும் வாயைத் திறக்காதீர்கள். கேள்வி மட்டும் கேளுங்கள்.

"இந்த எடத்துல ஏன் குதிரைய நகத்துன?"

"சும்மா சேர்."

"சும்மா யாரும் நகத்த மாட்டாங்க. அவன் ராணிய எங்க கொண்டுவந்து வச்சான்?"

"இங்க."

"அவன் வச்சோன நீ எதப் பாத்த?"

"என் குதிரைய. அடுத்து செக் குடுக்கலாம்னு பாத்தேன்."

"அவன் எதுக்கு அங்க வந்தான்னு பாத்தியா?"

"...இல்ல சேர்."

இந்த 'இல்ல சேர்' வந்த பிறகு நீங்கள் விளக்கவே தேவையில்லை. பிள்ளை தன் வாயாலேயே நோயைச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அதே பிழையைச் செய்யும், அதற்கடுத்த வாரமும் செய்யும். நாலாவது வாரத்தில், ராணி நகர்ந்ததும் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனையும்.

பிழைகளுக்குக் கொப்பியின் ஓரத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். எதிராளியின் நகர்த்தலைப் பார்க்கவேயில்லை என்றால் ஒரு குறி. பார்த்தேன், ஆனால் கணக்குத் தப்பிவிட்டது என்றால் வேறு குறி. இந்த மாதிரி நிலையில் என்ன செய்வதென்றே தெரியாது என்றால் மூன்றாவது. ஒரு மாதக் கொப்பியைப் புரட்டினால் எந்தக் குறி நிறைந்திருக்கிறது என்று தெரியும். பாடத்திட்டத்தை அதை வைத்துப் போடுங்கள். முதல் குறி நிறைந்த பிள்ளைக்குத் தொடக்கம் கற்பிப்பது வீண். மூன்றாவது குறி நிறைந்த பிள்ளைக்குப் புதிர் கொடுத்துப் பயனில்லை. ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் முடிவாட்டங்களை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது குறிக்காரனுக்கு, காயைத் தொடாமல் கணக்குப் போடும் பயிற்சி. பிரக்ஞானந்தாவுக்குப் பயிற்சி கொடுத்த சென்னை ஆர்.பி. ரமேஷ் இந்தப் பயிற்சியில் பேர்போனவர். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்றுநராக ஆனவர், கணக்கிடுதலுக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். ஒரு நிலையைப் பலகையில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று நகர்த்தலைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகே காய் நகரலாம். போனில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு இது வேதனை. விரல் தானாகத் திரையைத் தேடும்.

கடிகாரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை விநாடி எடுத்தான் என்று தளம் காட்டும். போன் ஆட்டக்காரர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான்: பதினைந்து நிமிட ஆட்டத்தில் பதினொரு நிமிடத்தை மிச்சம் வைத்துக்கொண்டு தோற்றிருப்பார்கள். ஆட்டத்தைக் கெடுத்த நகர்த்தலுக்கு இரண்டு விநாடிதான் எடுத்திருப்பார்கள். அதை விரலால் தொட்டுக் காட்டுங்கள். திட்ட வேண்டாம்.

எஞ்சின்

தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டாக்பிஷ் எஞ்சின் எல்லாப் பிழைகளையும் வரிசையாகக் காட்டிவிடும். உலகில் எந்த மனிதனும் அதை வெல்ல முடியாது, அதுவும் இலவசம். பிள்ளைகளுக்கு அது கணக்குப் புத்தகத்தின் பின்பக்க விடை. அதைப் பார்த்து "ஓ, இங்கதான் பிழை" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

குகேஷின் கதையை இதற்குப் பயன்படுத்துங்கள். 2019 ஜனவரியில், பதின்மூன்று வயதுகூட நிரம்பாமல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அந்த ஆண்டுகளில் அவருக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா எஞ்சினைத் தொடவிடவில்லை, எல்லாவற்றையும் சொந்தத் தலையால் கணக்கிடவைத்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதற்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினான்காவது ஆட்டத்தில், எல்லோரும் சமநிலை என்று நினைத்த முடிவாட்டத்தில், டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் அதைக் கண்டுகொள்ள எதிரே எஞ்சின் இல்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்து களைத்திருந்த ஒரு தலைதான் இருந்தது.

முற்றாகத் தடைசெய்ய நான் சொல்லவில்லை. கொப்பி எழுதி முடித்து, உங்களோடு பலகையில் ஓட்டி முடித்து, இருவரும் சண்டைபோட்டும் தீராத ஓர் இடம் மிஞ்சினால் அப்போது எஞ்சினைக் கேளுங்கள். அந்த ஒரு விடை மறக்காது.

ஒன்றுக்கு மேல் ஒன்று தோற்கும் இரவு

போக்கர் ஆடுபவர்கள் இதை 'டில்ட்' என்கிறார்கள். நம் பிள்ளைகள் "சூடேறிட்டு" என்று சொல்கிறார்கள். ஓர் ஆட்டம் தோற்றதும் இழந்த ரேட்டிங்கை மீட்க உடனே அடுத்தது, அதுவும் தோற்றால் அதைவிட வேகமாக அடுத்தது. காலையில் பார்த்தால் நூறு புள்ளி போயிருக்கும். இதற்கு அறிவுரை பலிக்காது, விதிதான் பலிக்கும். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்குப் போன் அம்மா கையில். விதியை வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், பிள்ளை சொன்னால் நடக்காது.

2022 பிப்ரவரியில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் இணையப் போட்டியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா, அதுவரை ஆடிய சுற்றுகளில் நான்கில் தோற்றிருந்த நிலையில்தான், கறுப்புக் காய்களோடு மேக்னஸ் கார்ல்சனை வென்றார். இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தோல்விக்குப் பின் வென்ற கதை என்று பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு இராத்திரி இரண்டு மணிவரை ஆடக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே சேர்த்துச் சொல்லுங்கள்: சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் அந்தப் போட்டி கட்டாய இடைவெளி விட்டது, அவர் தன் விருப்பத்துக்கு அடுத்த ஆட்டத்தை அழுத்தவில்லை. அதே ஆண்டு மே மாதம் இன்னோர் இணையப் போட்டியின் நடுவே காலையில் எழுந்து பள்ளிப் பரீட்சைக்கும் போனார். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையிடம் கடைசி மூன்று மாதம் போனைக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு ஞாயிறு, பலகையில் ஓர் ஆட்டம். ஒன்றும் குறைந்துவிடாது.

களவும் காசும்

ஆட்டம் நடக்கும்போது எஞ்சினைப் பார்த்து ஆடுவது களவு. தளம் நகர்த்தல்களையும் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பிடித்துவிடும், கணக்குக்குக் கறை விழும். இது பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். லயத்தில் நடக்கும் களவு வேறு மாதிரி: தோளுக்குப் பின்னால் நின்று "அத எடு, அத எடு" என்னும் அண்ணன். அதுவும் அதே களவுதான் என்பதை அண்ணனுக்குப் புரியவைக்க வேண்டியவர் நீங்கள். ஆளையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

காசு விஷயத்தில் தயக்கமே வேண்டாம். போனில் 'கேம்' என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. ரம்மி, போக்கர் என்று காசு கட்டி ஆடும் செயலிகள் எத்தனையோ குடும்பங்களைச் சாய்த்ததால்தான் தமிழ்நாடு 2022இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றத்தில் நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. உங்கள் வகுப்பில் ஐம்பது ரூபா பந்தயத்துக்குக்கூட இடம் கொடுக்காதீர்கள். 'நல்லா ஆடுற, போக்கர்ல சம்பாதிக்கலாம்' என்று யாராவது பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தால், அன்றே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

பலகைக்கு அனுப்பும் முன்

நாலைந்து மாதம் இப்படிப் போன பிள்ளையைப் பலகைப் போட்டிக்கு அனுப்பலாம். பள்ளிப் போட்டிகளில் தொடங்குங்கள், பிறகு இலங்கை செஸ் சம்மேளனத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகள். பன்னாட்டு ரேட்டிங்கின் அடிமட்டம் 2024 மார்ச்சிலிருந்து 1400 ஆக உயர்ந்திருக்கிறது. முதல் ஆண்டில் அது கிடைக்காவிட்டாலும் கவலைப்பட வேண்டாம்.

போனிலிருந்து பலகைக்குப் போகும் பிள்ளை தடுக்கிவிழும் இடங்களை முன்கூட்டியே பழக்குங்கள். தட்டையான திரையில் பார்த்த கண்ணுக்குப் பலகை ஓரத்தில் நிற்கும் பிஷப் தெரியாது. நகர்த்தலை எழுத மறந்துவிடும். நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தாமல் உட்கார்ந்திருக்கும். ராஜாவுக்குச் செக் இருப்பதைத் திரைதான் இதுவரை சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது, பலகை காட்டாது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியை முதல் நாளிலிருந்தே ஞாயிறு வகுப்பில் கடைப்பிடியுங்கள், போனில் அந்த விதியே கிடையாது.